நெற்றி தெரியாத வீடியோ அழைப்பு

என் அப்பாவுக்கு வீடியோ அழைப்பில் முகம் காட்டத் தெரியாது. போனைக் கண்ணுக்கு நேராகப் பிடிக்காமல் சற்றே மல்லாத்திப் பிடிப்பார். எனக்குத் தெரிவதெல்லாம் அவருடைய நெற்றியும் அதற்கு மேலே சுழலும் மின்விசிறியும்தான். எத்தனை முறை சொல்லியும் மாற்றிக்கொண்டதில்லை. “குரல் கேட்கிறதல்லவா, போதும் அம்மா” என்பார். அந்த நெற்றியைப் பார்த்தபடி பேசிப் பழகிய நான், ஒரு பயணத்தின்போது மூன்று நாள் வீட்டோடு பேச முடியாமல் தவித்தேன். போன் கையில் இருந்தது, ஹோட்டலில் வைஃபை இருந்தது, வாட்ஸ்அப்பும் இருந்தது. இவ்வளவும் இருந்தும் ஏன் பேச முடியவில்லை என்பதைத்தான் எழுதப்போகிறேன். கிளம்புவதற்கு முன் யாராவது ஒரு அரை மணி நேரம் உட்கார்ந்து சொல்லியிருந்தால் எனக்கு இந்தப் பாடு இல்லை.

அலுவலகப் பயிற்சிக்காக 24 நாள் பயணம். மூன்று ஊர்கள், கடைசியாகத் துபாய். கிளம்புவதற்கு முன் என் போனுக்கு என்னவெல்லாம் தேவையோ அத்தனையும் செய்தேன். வரைபடங்களைத் தரவிறக்கினேன், பவர் பேங்க் வாங்கினேன், பிளக் அடாப்டர் வாங்கினேன். வீட்டோடு பேசுவதைப் பற்றி ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. தினமும் வாட்ஸ்அப்பில் பேசுகிறவர்கள்தானே, போகிற இடத்திலும் அதேபோலப் பேசிக்கொள்ளலாம் என்ற நினைப்பு. அது பாதி உண்மை. மீதிப் பாதிக்குத்தான் பணமும் நிம்மதியும் போயின.

முதல் தவறு முதல் விமான நிலையத்திலேயே நடந்தது. ஹோட்டல் முகவரியைப் பார்ப்பதற்காக ரோமிங் டேட்டாவை, அதாவது சொந்த நாட்டு சிம்மிலேயே வெளிநாட்டில் ஓடும் இணையத்தை, இயக்கினேன். ஒருநாள் பேக் போட்டிருந்தேன், அந்த ஒருநாள் முடிந்தது, ரோமிங்கை அணைக்க மறந்தேன். மூன்றாம் நாள் இரவு அறையிலிருந்து அம்மாவோடு வீடியோவில் பேசிக்கொண்டிருந்தபோது, “ஊர் எப்படி இருக்கிறது, காட்டு” என்றார். போனைத் தூக்கிக்கொண்டு நடைபாதையைத் தாண்டி மொட்டை மாடிக்குப் போனேன். விளக்குகளைக் காட்டினேன், பாலத்தைக் காட்டினேன், நாற்பது நிமிடம் பேசினோம். ஒரு விநாடிகூடப் படம் உறையவில்லை. இந்த ஹோட்டலின் வைஃபை எவ்வளவு நன்றாக இருக்கிறது என்று பாராட்டிவிட்டு வந்து படுத்தேன்.

வைஃபையின் எல்லை நடைபாதையோடு முடிந்துவிட்டது. அதற்கு மேல் ஓடியதெல்லாம் ரோமிங் டேட்டா. வைஃபை தளர்ந்ததும் போன் தானாகவே மொபைல் டேட்டாவுக்குத் தாவும். வாட்ஸ்அப்பும் அழைப்பை அறுக்காமல் புதிய வழியில் தொடரும். வீட்டில் இருக்கும்போது இது பெரிய வசதி. வெளிநாட்டில் இதுவே பொறி. மறுநாள் காலை, என் கணக்கின் உச்சவரம்பில் எண்பது சதவீதம் தீர்ந்துவிட்டது என்று குறுஞ்செய்தி வந்தது. கடைசியில் வந்த பில், அந்தப் பயணத்தின் விமான டிக்கெட்டில் ஏறக்குறைய பாதி. வீடியோ அழைப்பு நிமிடத்துக்கு ஐந்து முதல் பத்து எம்.பி. வரை தின்னும். குரல் மட்டும் என்றால் ஏறக்குறைய ஒரு எம்.பி.யோடு முடிந்துவிடும். அம்மாவுக்குக் காட்டிய பாலத்துக்கு நான் கொடுத்த விலை அது. அதை இன்றுவரை அம்மாவிடம் சொல்லவில்லை.

இதைத் தடுக்க ஒரே ஒரு பழக்கம் போதும். பேச உட்காரும்போது விமானப் பயன்முறையை இயக்குங்கள். பிறகு வைஃபையை மட்டும் தனியாக இயக்குங்கள். இப்போது போனால் வேறெங்கும் தாவ முடியாது. வைஃபை போனால் அழைப்பும் போகும், அவ்வளவுதான். பேசி முடித்ததும் மறக்காமல் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும். இன்னொரு விஷயம்: அமைப்புகளில் மொபைல் டேட்டாவும் டேட்டா ரோமிங்கும் இரண்டு வேறு பொத்தான்கள். பயணத்தில் இரண்டாவது பொத்தான் எப்போதும் அணைந்திருக்க வேண்டும். அதை அணைத்தாலும் சாதாரண அழைப்பும் குறுஞ்செய்தியும் வழக்கம்போல வரும். நான் இதைப் புரிந்துகொள்ளவில்லை. அதனால்தான் இரண்டாவது தவறைச் செய்தேன்.

பில்லைப் பார்த்த பயத்தில் சிம் கார்டையே கழற்றிவிட்டேன். கழற்றும் ஊசி இல்லாததால் தோட்டின் கம்பியை வைத்துக் குத்தி எடுத்தேன். டிஷ்யூ காகிதத்தில் மடித்து மூக்குக் கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்தேன். இனி ஒரு காசு போகாது என்று அப்போது வந்த நிம்மதி இருக்கிறதே, அதை நினைத்தால் இப்போது எரிச்சலாக வருகிறது. இரண்டாவது ஊரில் உள்ளூர் சிம் ஒன்று வாங்கிப் போட்டேன். புதிய சிம்மைப் பார்த்ததும் எண்ணை மாற்றிக்கொள்கிறாயா என்று வாட்ஸ்அப் கேட்டது. வேண்டாம் என்று அழுத்தினேன். அந்தப் பயணத்தில் நான் சரியாகச் செய்த ஒரே காரியம் அதுதான் என்று நினைக்கிறேன். மாற்றியிருந்தால், சில வாரங்களில் செத்துப்போகும் ஓர் எண்ணுக்கு என் கணக்கு போயிருக்கும். மாற்றாவிட்டால் பழைய எண்ணிலேயே வாட்ஸ்அப் ஓடும். அப்போது சிம் போனில் இருக்க வேண்டும் என்ற அவசியம்கூட இருக்கவில்லை. அந்த ஊரில் பதினோரு நாள் எந்தக் குறையும் இல்லை. தினமும் நெற்றி, தினமும் மின்விசிறி.

துபாய்க்கு ஒரு ஞாயிறு இரவு போய்ச் சேர்ந்தேன். ஐந்து இரவுதானே என்று உள்ளூர் சிம் வாங்கவில்லை. திங்கள் காலை அக்காவிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு வரி வந்திருந்தது: “நேரம் கிடைக்கும்போது பேசு.” அக்கா வாரத்துக்கு நான்கு முறை அனுப்புகிற வரி அது. மாலையில் அறைக்கு வந்ததும் அழைத்தேன். ‘இணைக்கிறது, இணைக்கிறது’ என்று காட்டிவிட்டு அறுந்தது. மறுபடியும் அதேதான். வைஃபையில்தான் கோளாறு என்று முடிவு கட்டினேன். வரவேற்பறைக்குப் போய்க் கேட்டால், வேகமான இணைப்பு வேண்டுமானால் தனிக் கட்டணம் என்றார்கள். ஐந்து நாளுக்கும் சேர்த்துக் கட்டினேன். அதிலும் அதே கதை. கூடத்தில் உட்கார்ந்து முயன்றேன், தெருமுனைக் காபிக் கடைக்குப் போய் முயன்றேன், போனை அணைத்துப் போட்டேன். வாட்ஸ்அப்பையே நீக்கிவிட்டுத் திரும்ப நிறுவிப் பார்க்கலாமா என்றுகூட யோசித்தேன். நல்ல வேளை, தூக்கம் வந்துவிட்டது. நீக்கியிருந்தால், திரும்ப உள்ளே நுழைய, கண்ணாடிக் கூட்டுக்குள் இருந்த சிம்முக்கு வரும் குறுஞ்செய்தி வேண்டியிருக்கும். பயணத்தின் நடுவில் ஒருபோதும் வாட்ஸ்அப்பை நீக்காதீர்கள். போனை மாற்றவும் மாற்றாதீர்கள்.

எழுத்துச் செய்தி போகிறது, குரல் பதிவு போகிறது, படம் போகிறது. அழைப்பு மட்டும் போகவில்லை. இந்த ஒன்றைக் கவனித்திருந்தாலே கோளாறு வைஃபையில் இல்லை என்று எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. “இங்கே நெட் சரியில்லை அக்கா, நாளைக்குப் பேசுகிறேன்” என்று குரல் பதிவு அனுப்பினேன். “சரி” என்று பதில் வந்தது. செவ்வாய் இரவும் இப்படியே கழிந்தது. இரண்டு இரவும் சரியாகத் தூங்காததால் புதன் காலை வகுப்பைத் தவறவிட்டேன்.

புதன் மதியம் சாப்பிடும்போது, அங்கேயே பல வருடங்களாக இருக்கும் ஒருவரிடம் புலம்பினேன். அவர் சிரித்தார். “இந்த நாட்டில் வாட்ஸ்அப் அழைப்பே வேலை செய்யாது. யாரும் சொல்லவில்லையா?” என்றார். ஐக்கிய அரபு அமீரகத்தில் இணையவழிக் குரல் அழைப்புக்குத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் அனுமதி வேண்டும். அனுமதி பெற்ற செயலிகளில் மட்டும்தான் பேச முடியும். வாட்ஸ்அப்பில் எழுதலாம், படம் அனுப்பலாம், பேச முடியாது. நான் கூடுதல் பணம் கட்டி வாங்கிய வேகமான வைஃபை, இந்தத் தடையில் வேகமாக மோதிக்கொண்டிருந்திருக்கிறது.

ஒவ்வொரு நாட்டுக்கும் இப்படி ஒரு முகம் இருக்கிறது. சீனாவில் 2017 முதல் வாட்ஸ்அப் முழுவதுமாகவே தடைபட்டிருக்கிறது. அங்கே ஊர் மக்கள் பயன்படுத்துவது வீசாட். ரஷ்யாவில் 2025 ஆகஸ்ட் முதல் வாட்ஸ்அப், டெலிகிராம் அழைப்புகளுக்குக் கட்டுப்பாடு வந்தது. டிக்கெட் போட்ட அன்றே, போகிற நாட்டின் பெயரோடு நீங்கள் வழக்கமாகப் பேசும் செயலியின் பெயரையும் சேர்த்து இணையத்தில் ஒரு முறை தேடிவிடுங்கள். விசா விதிகளைப் பத்து முறை படித்த நான் இதை ஒரு முறைகூடத் தேடவில்லை. விமானம் மாறுவதற்காகச் சில மணி நேரம் தங்கும் நாட்டையும் இதில் சேர்த்துக்கொள்ளுங்கள். தாமதமாகிறது என்று வீட்டுக்குச் சொல்ல வேண்டிய தேவை பெரும்பாலும் அங்கேதான் வரும்.

அதே சாப்பாட்டு மேசையில் இன்னொருவர், வி.பி.என். (நம் இணைப்பு வேறு இடத்திலிருந்து வருவதுபோலக் காட்டும் செயலி) போட்டுக்கொள், எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள் என்றார். நான் செய்யவில்லை. ஐ.பி. முகவரியை, அதாவது இணையத்தில் நம் இணைப்பை அடையாளம் காட்டும் எண்ணை, மறைத்துக் குற்றம் செய்தால் 5 லட்சம் முதல் 20 லட்சம் திர்ஹாம் வரை அபராதம் என்று அந்த நாட்டின் 2021-ஆம் ஆண்டு சட்டம் சொல்கிறது. தடைசெய்யப்பட்ட அழைப்பும் அதற்குள் வருமா என்று என்னை வைத்துச் சோதித்துப் பார்க்க எனக்கு ஆசை இல்லை. அங்கே அனுமதி பெற்ற ‘போட்டிம்’ (Botim) என்ற அழைப்புச் செயலியைத் தரவிறக்கினேன். அது என் எண்ணைக் கேட்டது, அதற்குக் குறுஞ்செய்தியில் குறியீடு அனுப்புவதாகச் சொன்னது.

கண்ணாடிக் கூட்டைத் திறந்து டிஷ்யூவைப் பிரித்தேன். சிம் நழுவிக் கம்பளத்தில் விழுந்தது. விரல் நகத்தைவிடச் சிறிய பொருள், பூப்போட்ட கம்பளம். மண்டியிட்டு, டார்ச்சைத் தரையோடு சாய்த்துப் பிடித்துத் தேடினேன். இருபது நிமிடம் கழித்துக் கட்டில் காலின் ஓரத்தில் பொன்னிறப் பக்கம் மின்னியது. துடைத்துப் போட்டேன். சிக்னல் வந்த அடுத்த விநாடி குறுஞ்செய்திகள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தன. குறியீடு அல்ல, தவறிய அழைப்புகளின் அறிவிப்புகள். அக்காவிடமிருந்து பதினொன்று. ஞாயிறு நள்ளிரவு 2.40 தொடங்கித் திங்கள் விடியும்வரை. தெரியாத தரைவழி எண்ணிலிருந்து இரண்டு.

தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். செயலியாவது, குறியீடாவது. ரோமிங்கிலேயே, சாதாரண அழைப்பாக அக்காவைக் கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்தாள். “பதறாதே, இப்போது ஒன்றும் இல்லை” என்றுதான் தொடங்கினாள். ஞாயிறு இரவு குளியலறையில் அப்பா மயங்கி விழுந்திருக்கிறார். சர்க்கரை இறங்கிவிட்டது. மருத்துவமனையில் சேர்த்து இரண்டு நாள் வைத்திருந்து, அன்று காலைதான் வீட்டுக்கு அழைத்து வந்திருக்கிறார்கள். ஏன் எழுதவில்லை என்று கத்தினேன். “எழுத்தில் படித்தால் நீ அங்கே தனியாக என்ன ஆவாய்? குரலில் சொல்லலாம் என்றிருந்தேன். உன் எண் அணைந்திருந்தது, வாட்ஸ்அப்பும் சேரவில்லை, ஹோட்டல் பெயர்கூட எங்களுக்குத் தெரியாது” என்றாள். அவள் மேல் கோபப்பட எனக்கு ஒரு நியாயமும் இல்லை. பேசியது மூன்று நிமிடம். அதற்கு ஆன செலவைப் பிறகு பில்லில் பார்த்தேன். வேகமான வைஃபைக்கு நான் கட்டியதில் கால்வாசிகூட இல்லை.

அரை மணி நேரம் கழித்து அக்கா தன் போனிலும் ‘போட்டிம்’ செயலியை நிறுவினாள். இந்தச் செயலிகள் இரண்டு பக்கமும் இருந்தால்தான் பேசும். அதனால் வீட்டில் இருப்பவர்களின் போனிலும் கிளம்புவதற்கு முன்பே நிறுவிச் சோதித்துவிட வேண்டும். படம் வந்தது. அப்பா போனைத் தாழ்த்திப் பிடித்திருந்தார். திரையில் மோவாயும் கழுத்தும் சட்டையின் மேல் பொத்தானும். அத்தனை வருடத்தில் முதல்முறையாக நெற்றி தெரியவில்லை. “சாப்பிட்டாயா அம்மா?” என்று குரல் மட்டும் வழக்கம்போல வந்தது. “நெற்றியைக் காட்டுங்கள் அப்பா” என்றேன். “கை வலிக்கிறது” என்றார். அக்கா போனை வாங்கி நிமிர்த்தினாள். இடப்புருவத்துக்கு மேலே கட்டு. அதற்குள் ஏழு தையல். நான் அழுதேன். அவர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஊர் திரும்பிய பிறகு வீட்டிலேயே சில ஏற்பாடுகளைச் செய்தோம். முதலாவது சிம். சொந்த நாட்டு சிம் இனி போனை விட்டு வெளியே வராது. இரண்டு சிம் போடும் போனில் ஒன்றில் சொந்த எண், டேட்டா அணைத்தபடி. மற்றதில் உள்ளூர் சிம் அல்லது இ-சிம் (அட்டை இல்லாமல் போனுக்குள்ளேயே பதியும் சிம்), டேட்டா மட்டும். ரோமிங்கில் வரும் அழைப்பை எடுத்தால்தான் எனக்குக் காசு. எடுக்காமல் யார் என்று பார்த்துவிட்டு இணையத்தில் திரும்பக் கூப்பிடலாம். இரண்டு சிம் போனில் ஒரு ஒளிந்திருக்கும் பொத்தானும் உண்டு: ஒரு சிம்மில் சிக்னல் குறைந்தால் மற்ற சிம்மின் டேட்டாவுக்குத் தாவ அனுமதிப்பது. அதை அணைக்க வேண்டும். மொட்டை மாடிக் கதை அங்கேயும் நடக்கும்.

அடுத்தது சொற்கள். “பேசு” என்றால் சும்மா பேச. “அவசரம்” என்று ஒற்றைச் சொல் வந்தால், எந்த வழியிலாவது, எந்தச் செலவிலாவது உடனே கூப்பிட வேண்டும். எழுதிச் சொன்னால் பதறுவேன் என்று மறைக்கக் கூடாது என்று அக்காவிடம் சத்தியம் வாங்கியிருக்கிறேன். அவள் காப்பாற்றுவாள் என்ற நம்பிக்கை முழுதாக இல்லை, ஆனாலும் வாங்கியிருக்கிறேன். இதோடு, தங்கும் ஒவ்வொரு ஹோட்டலின் பெயரையும் தரைவழி எண்ணையும் நாட்டுக் குறியீட்டோடு பெரிய எழுத்தில் எழுதி அப்பாவின் கட்டிலுக்கு எதிரே ஒட்டுகிறேன். போய்ச் சேர்ந்ததும் அறை எண்ணை அனுப்புகிறேன், அவர் அதில் எழுதிக்கொள்வார். இணையமும் சிம்மும் கைவிட்டாலும் வரவேற்பறைத் தொலைபேசி ஒலிக்கும். ஹோட்டல் ஊழியர் வந்து கதவைத் தட்டுவார். மூன்று நாள் தவிப்பை ஒரு துண்டுக் காகிதம் தீர்த்திருக்கும்.

பிறகு, வீட்டுப் பக்கத்துப் போன்கள். நாம் அழைத்தும் அங்கே மணி அடிக்கவில்லை என்றால் பல நேரம் காரணம் பேட்டரி சேமிப்பு முறைதான். பின்னணியில் ஓடும் செயலியை அது தூங்க வைத்துவிடும். அப்பாவின் போனில் வாட்ஸ்அப்பை அதிலிருந்து விலக்கி வைத்தேன். நினைவகம் நிரம்பியிருந்தது, காலை வணக்கப் படங்கள் மட்டும் இரண்டாயிரத்துச் சொச்சம். ஸ்கைப்பில் காசு போட்டு வைத்திருந்தால் எந்தச் சாதாரணப் போனுக்கும் கூப்பிடலாம் என்று பழைய நினைவில் ஒருவர் எனக்கு யோசனை சொன்னார். அந்தச் சேவை 2025 மே 5 அன்று மூடப்பட்டது. அதுபோன்ற வேறு செயலியில் காசு போடுவதாக இருந்தால், வீட்டிலிருந்தபடியே ஒரு அழைப்புச் செய்து பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். ஆனால் ஆம்புலன்ஸ், போலீஸ் போன்ற அவசர எண்களை வாட்ஸ்அப் வழியாகக் கூப்பிட முடியாது. அதற்குச் சாதாரண அழைப்புதான்.

பேச்சு விட்டு விட்டு வந்தால் முதலில் வீடியோவை அணையுங்கள். குரல் தாமதமாக வந்தால் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசி, ஒரே நேரத்தில் நிறுத்தி, மறுபடியும் ஒரே நேரத்தில் தொடங்குவோம். ஒரு பக்கத் தாமதம் 150 மில்லிவிநாடிக்குள் இருந்தால் நல்லது என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் கணக்கு. நெரிசலான ஹோட்டல் வைஃபையில் அது எளிதாகத் தாண்டும். அப்பா பேசி முடித்ததும் மனதுக்குள் ‘ஒன்று, இரண்டு’ என்று எண்ணிவிட்டுப் பேசத் தொடங்குவேன். இப்படிப் பேச ஆரம்பித்த பிறகுதான், அவர் முடித்துவிட்டதாக நான் நினைத்த பல இடங்களில் அவருக்குச் சொல்ல இன்னும் ஒரு வாக்கியம் இருந்தது தெரிந்தது.

சென்ற மாதம் மறுபடியும் ஒரு பயணம். முதல் இரவு, விடியற்காலை மூன்று மணிக்கு அறைத் தொலைபேசி அலறியது. இருட்டில் தடவி எடுத்தேன். இதயம் வாயில் இருந்தது. “நான்தான் அம்மா. இந்த நம்பர் வேலை செய்கிறதா என்று பார்த்தேன்” என்றார் அப்பா. அங்கே மணி என்ன என்று கேட்டார், சொன்னேன். “அப்படியா, தூங்கு” என்று வைத்துவிட்டார்.